கரப்பான் ஏன் வருது? மலைநாட்டுல நம்மாளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுன்ல பாமசியில 14 வருஷமா வேல செய்றேன். டொக்டர் இல்ல. ஆனா என் சின்ன மகனுக்கு மூணாம் மாசத்துலயே கரப்பான் வந்துச்சு, அஞ்சு வயசு வரைக்கும் அவனோட சேந்து நானும் தூங்காம கெடந்தவ, அதனால இத பத்தி தேடித் தேடிப் படிச்சேன், கிளினிக்ல டொக்டர்மார்கிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கவுண்டர்ல வந்து கேக்குற கேள்விங்க பெரும்பாலும் ஒண்ணுதான், பின்னால ஆள் நிக்கிறதால ரெண்டு வார்த்தைக்கு மேல பதில் சொல்ல முடியிறதில்ல. அந்த பதில்களத்தான் இங்க எழுதுறேன். தோலுக்குள்ள என்ன நடக்குதுன்னு வெளங்கிருச்சுன்னா, மருந்த ஏன் அப்படிப் போடச் சொல்றாங்கன்னு பாதி தானாவே வெளங்கிரும்.

கரப்பான், எக்ஸிமா, அடோபிக் டெர்மடைட்டிஸ், எல்லாம் ஒண்ணுதானா?

எக்ஸிமாங்கிறது பொதுப் பேரு. தோல் அழன்று, அரிச்சு, காஞ்சு, சில நேரம் நீர் வடியிற எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்றது. அதுல பல வகை இருக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு கன்னத்துல, கை மடிப்புல, முட்டிக்குப் பின்னால வர்றது அடோபிக் வகை, நம்ம ஆளுங்க கரப்பான்னு சொல்றது அனேகமா இதத்தான். ஏதாவது பொருள் பட்டு பட்டு வர்றது இன்னொரு வகை. கால்ல நரம்பு சுருண்டவங்களுக்கு கணுக்கால் பக்கம் வர்றது வேற ஒண்ணு. கீழ நான் கூடுதலா பேசுறது முதல் வகைய பத்தி.

ரத்தம் கெட்டுப் போனதால வருதுன்னு அப்பாயி சொல்றாங்களே?

இல்லைங்க. ரத்தம் சுத்தமாத்தான் இருக்கு. வீட்ட சுத்தமா வச்சுக்காததாலயும் இல்ல, அம்மா செஞ்ச பாவமும் இல்ல. இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், புள்ளைய தூக்கிட்டு வர்ற அம்மாமார் பாதிப் பேர் கண்ணுல குத்தம் செஞ்ச மாதிரி ஒரு பார்வை இருக்கும், மாமியா ஏதோ சொல்லியிருப்பாங்க, பக்கத்து காம்பராவுல ஏதோ சொல்லியிருப்பாங்க. உங்க மேல தப்பே இல்ல.

அப்ப தோலுக்குள்ள என்னதான் நடக்குது?

தேயில மலையில கல்லுக்கட்டு பாத்திருப்பீங்க. கல்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, இடையில மண்ணு இறுகி நிக்கும். அது நல்லா இருக்குற வரைக்கும் எவ்வளவு மழ பேஞ்சாலும் மலை மண்ணு கீழ போகாது. ஒரு எடத்துல கல்லு சரிஞ்சா அங்க இருந்து மண்ணு கழுவிக்கிட்டே போகும், வேண்டாத தண்ணியும் உள்ள எறங்கும்.

நம்ம தோலோட ஆக மேல்பக்கமும் அப்படி ஒரு கட்டுதான். கடதாசிய விட மெல்லிசு. கல்லு மாதிரி இருக்கிறது செத்துத் தட்டையான செல்லுங்க. இடையில மண்ணு மாதிரி இருக்கிறது கொழுப்பு, அதாவது செரமைட், கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலம்னு மூணும் கலந்தது. இந்த கல்லுங்கள தட்டையா இறுக்கி அடுக்குறதுக்கு ஒரு புரதம் உதவி செய்யிது, பேரு ஃபிலாக்ரின். அந்த வேல முடிஞ்சதும் அது சும்மா போறதில்ல, ஒடஞ்சு சின்னச் சின்ன பொருளா மாறி தோலுக்குள்ள தண்ணிய புடிச்சு வைக்குது, தோல லேசா புளிப்பாவும் வச்சிருக்குது, அந்தப் புளிப்புல கெட்ட கிருமிங்க லேசுல வளர முடியாது.

2006ல ஸ்கொட்லாந்துல டண்டீ பல்கலைக்கழகத்துல இர்வின் மெக்லீன்ங்கிறவரோட குழு, இந்த ஃபிலாக்ரின் செய்யிற மரபணுவுல கோளாறு உள்ளவங்களுக்கு எக்ஸிமா வர்ற வாய்ப்பு ரொம்பக் கூடன்னு கண்டுபுடிச்சாங்க. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் இத உள்ளேயிருந்து வர்ற அலர்ஜின்னுதான் பாத்தாங்க, அதுக்கப்புறம்தான் கட்டு சரிஞ்சதுல இருந்தும் கத தொடங்கலாம்னு பார்வை மாறுச்சு. இந்தக் கோளாறு உள்ள சிலருக்கு உள்ளங்கைய விரிச்சுப் பாத்தா வழக்கத்த விட நெறைய ரேகை ஓடியிருக்கும். என் மகன் கையும் அப்படித்தான், பொறந்தப்பவே அவங்க தாத்தா "கெழவன் கை மாதிரி இருக்கே"ன்னு சொன்னாரு.

ஆனா மரபணு கோளாறு உள்ள எல்லாருக்கும் கரப்பான் வர்றதில்ல. கரப்பான் உள்ள நெறையப் பேருக்கு அந்தக் கோளாறே இல்ல. அதனால கத இதோட முடியல.

கட்டு சரிஞ்சா சரி, ஏன் இப்படி செவந்து வீங்கி அரிக்குது?

ஒடம்புல காவக்காரங்க இருக்காங்கல்ல, நோய் எதிர்ப்பு செல்லுங்க. கட்டு ஓட்டையாகி தூசி, சோப்பு, பூச்சிக் கழிவு எல்லாம் உள்ள வந்தா தோல் செல்லு அபாயம்னு சத்தம் போடுது. காவக்காரங்க ஓடி வந்து ரெண்டு ரசாயனத்த நெறைய விடுறாங்க, இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13. இதுதான் அழற்சி. இப்ப பாருங்க, இந்த ரெண்டும் இருக்குற எடத்துல தோல் செல்லு ஃபிலாக்ரின் செய்யிறத கொறச்சிரும். மரபணு நல்லா இருந்தாலும் கொறச்சிரும். அதாவது கட்டு சரிஞ்சதால காவக்காரன் வந்தான், அவன் வந்ததால இன்னும் கட்டு சரியுது. எங்க தொடங்குனாலும் சுத்தி சுத்தி அதே எடத்துக்குத்தான் வரும், அதான் ஒரு வாரம் மருந்து போட்டு நிப்பாட்டுனா திரும்பி வருது.

இந்த ரெண்டு ரசாயனத்தோட வேலையையும் தடுக்குற டூபிலுமாப்னு ஒரு ஊசிக்கு 2017ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. மோசமான எக்ஸிமா உள்ள நெறையப் பேருக்கு அது நல்லா கேட்டுச்சு. வெலை நமக்கு எட்டாது, ஆனா நோய் எங்க இருக்குன்னு அது காட்டிக் குடுத்துருச்சு.

மூணாவது ஆளும் ஒருத்தர் இருக்காரு, ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ்ங்கிற கிருமி. எக்ஸிமா உள்ளவங்க புண்ணுல சோதிச்சுப் பாத்தா சுமார் 70 வீதம் பேருக்கு இது இருக்கு. அது விடுற நஞ்சு அழற்சிய இன்னும் ஏத்தி விடுது. 2023ல ஹார்வர்ட்ல எலியில செஞ்ச ஆராய்ச்சியில, இந்தக் கிருமி விடுற ஒரு நொதி நேரா நரம்பையே தொட்டு அரிப்ப கெளப்புதுன்னு காட்டுனாங்க.

பகல்ல பரவாயில்ல, ராத்திரியானா ஏன் இப்படி அரிக்குது?

ஒடம்புலயே சுரக்குற கோர்ட்டிசோல் அழற்சிய அடக்கி வைக்கும், ராவுக்கு அது கொறஞ்சிரும். தோல் சூடு லேசா ஏறும், தோல்ல இருந்து தண்ணி ஆவியாகிப் போறதும் ராவுலதான் கூட. அதுக்கு மேல நம்ம குளிருக்குப் பயந்து கம்பளிய கழுத்து வரைக்கும் இழுத்து மூடுறோம், புள்ள உள்ள வேர்க்குது. பகல்ல வெளையாட்டுல மறந்திருக்கும், படுத்தா மனசு முழுக்க அரிப்புலதான் இருக்கும்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. லயத்துல ஒத்தக் காம்பரா, வெளிய மழ, தகரத்துல மழச் சத்தத்துக்கு நடுவுல சரக் சரக்னு நகம் தோல்ல ஓடுற சத்தம். லைட்ட போட்டுப் பாத்தா தலகாணி உறையில சின்னச் சின்ன ரத்தப் பொட்டு.

சொறியாதன்னு அடிச்சாலும் கேக்க மாட்டேங்குறானே?

தயவுசெஞ்சு அடிக்காதீங்க. அது அவன் கையில இல்ல. சொறிஞ்சா ஒரு நிமிஷம் சொகம், ஆனா நகம் பட்டதும் செல்லு ஒடஞ்சு மறுபடி அபாயச் சத்தம், மறுபடி காவக்காரன், மறுபடி அரிப்பு. ரொம்ப நாள் சொறிஞ்ச எடம் யானத் தோல் மாதிரி தடிச்சுக் கறுத்துப் போறது அதனாலதான். நகத்த ஒட்ட வெட்டுங்க. அரிக்கும்போது ஈரத் துணிய வச்சு அமுத்துங்க. பருத்தி மேஸ் இருந்தா ராவுக்கு கையில மாட்டி விடுங்க.

அலர்ஜி மாத்திர குடுத்தும் அரிப்பு நிக்கலையே?

அந்த மாத்திர தடுக்குறது ஹிஸ்டமின்ங்கிற பொருள. தடிப்பு தடிப்பா வந்து போற அலர்ஜிக்கு அது சரி. கரப்பான் அரிப்ப பெரும்பாலும் கெளப்புறது வேற ரசாயனங்க, இன்டர்லூக்கின்-31னு ஒண்ணு அதுல முக்கியம். பழைய வகை மாத்திர தூக்கம் வர வைக்கும், அதனால கேட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

எப்பவும் மழயும் பனியுமா இருக்குற ஊரு, தோல் ஏன் காயுது?

நல்ல கேள்வி, நானும் இத நெறைய நாள் யோசிச்சேன். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் ஒசரம். குளுந்த காத்து தண்ணிய கொஞ்சமாத்தான் புடிச்சு வைக்கும், அந்தக் காத்து ஒடம்புச் சூட்டுல பட்டு சூடானதும் தோல்ல இருந்து தண்ணிய உறிஞ்சும். ஜனவரி, பெப்ரவரியில காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி கெடக்குற நாள்லதான் எங்க கவுண்டருக்கு கன்னம் வெடிச்ச புள்ளைங்க கூட வருது.

அதோட குளிருக்கு நம்ம செய்யிற மூணு வேல. ஆவி பறக்க சுடுதண்ணியில குளிப்பாட்டுறோம், அது கல்லுக்கு இடையில இருக்குற கொழுப்ப கரைச்சிரும். கம்பளி ஸ்வெட்டர நேரா ஒடம்புல போடுறோம், அந்த முள்ளு முள்ளான நூல் குத்திக் குத்தி அரிப்ப கெளப்பும், உள்ள ஒரு பருத்தி பெனியன் போட்டாலே பாதி கொறையும். அடுப்பு பக்கத்துல புள்ளைய ஒக்கார வைக்கிறோம், சூடும் பொகையும் ரெண்டும் தோலுக்கு ஆகாது.

ஜூன்ல இருந்து செப்டம்பர் மழக் காலத்துல கத வேற மாதிரி. உடுப்பு காயாது, செவுத்துல பூஞ்சணம், மெத்தையில தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சியோட கழிவுல தோல் கட்டையே ஒடைக்கிற நொதி இருக்கு, ஈரப்பதம் கூடின எடத்துலதான் அது நல்லாப் பெருகும். வெயில் வர்ற அன்னைக்கு தலகாணி மெத்தையெல்லாம் வெளிய போட்டு நல்லா காய வச்சுத் தட்டுங்க, புள்ள கிட்ட நிக்கக்கூடாது.

எந்த சோப்பு போடுறது?

புளிப்ப அளக்குற பிஎச் கணக்குல எண் கொறைஞ்சா புளிப்பு கூட. தோல் இயல்பா பிஎச் 5 பக்கம். சாதாரண சவுக்காரம் 9, 10. போட்டுக் கழுவுனதும் புளிப்பு போயிரும், கட்ட ஒடைக்கிற நொதிங்க முழிச்சுக்கும். கிருமி சாகணும்னு வாசன தூக்குற சோப்ப போட்டுத் தேய்ச்சா கிருமிய விட தோல்தான் முதல்ல சாகும். சோப்பு வேணும்னா அக்குளுக்கும் அடியிலயும் மட்டும், மத்த எடத்துக்கு எளஞ்சூட்டுத் தண்ணி, அஞ்சு பத்து நிமிஷம். தொடைக்கும்போது ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம், ஈரம் லேசா இருக்கும்போதே தோல் காயாம வைக்கிற கிறீம் பூசணும்.

தோல் காயாம இருக்க அக்வஸ் கிறீம்ங்கிற வெள்ளக் கிறீம வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு. சில தயாரிப்புல சோடியம் லோறில் சல்ஃபேட்ங்கிற சோப்புப் பொருள் சேத்திருப்பாங்க. பூசி அப்படியே விட்டா சில புள்ளைங்களுக்கு எரியும்னு 2013லயே பிரிட்டன்ல மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிச்சிருக்கு. எரியுதுன்னா டொக்டர்கிட்ட சொல்லி வேற ஒண்ணு கேளுங்க. சோப்புக்குப் பதிலா பூசிக் கழுவுறதுக்கு அத எடுத்துக்கலாம்.

வேப்பெல, மஞ்ச, தேங்காண்ண, கோடாலித் தைலம்?

சுத்தமான தேங்காண்ணய லேசான கரப்பானுக்குப் பூசலாம், பிலிப்பைன்ஸ்ல புள்ளைங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சியில நல்ல பலன் கெடச்சிருக்கு. வேப்பெலையும் மஞ்சளும் அரைச்சு வெடிச்ச தோல்ல அப்புறது சிலருக்கு இன்னும் கடுமையா அழல வைக்கும், பாட்டி கை வைத்தியம்னு நானும் எம்மகனுக்கு அப்புனேன், அன்னைக்கு ராவு அவன் அழுத அழுகைய மறக்க மாட்டேன். தைலம் வேண்டவே வேணாம். குளு குளுன்னு இருக்கும், அப்புறம் நெருப்பா எரியும்.

கத்தரிக்கா, கருவாடு, தக்காளி எல்லாம் நிப்பாட்டணுமா?

கரப்பான் பண்டம்னு ஒரு பெரிய பட்டியல் வச்சிருக்கோம் நம்ம. அத முழுசா நிப்பாட்டுனா புள்ள மெலிஞ்சு போகும், கரப்பான் அப்படியே இருக்கும். கடுமையான கரப்பான் உள்ள சின்னப் புள்ளைங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்குக்கு உண்மையிலேயே உணவு ஒவ்வாம இருக்கும், முட்டை, பால், நிலக்கடல மாதிரி. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல ஒதடு வீங்கும், தடிப்பு வரும், வாந்தி எடுக்கும். அப்படி இருந்தா டொக்டர்கிட்ட காட்டணும்.

நம்ம தலகீழா வெளங்கிக்கிட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. சாப்பாட்டால கரப்பான் வந்துச்சுங்கிறத விட, கரப்பானால சாப்பாட்டு ஒவ்வாம வருதுங்கிறதுதான் கூடப் பொருந்துது. ஓட்டத் தோல் வழியா முட்டத் துணுக்கு, கடலத் தூள் ஒடம்புக்குள்ள போனா காவக்காரன் அத எதிரியா குறிச்சு வைக்கிறான். வாய் வழியா போனா சாப்பாடுன்னு பழகிக்கிறான். லண்டன்ல கிடியன் லாக்ங்கிற டொக்டரோட குழு கடுமையான கரப்பானோ முட்ட ஒவ்வாமயோ உள்ள 640 கைக்குழந்தைங்கள வச்சுப் பாத்து 2015ல வெளியிட்டாங்க. சின்னதுலயே நிலக்கடலப் பண்டம் சாப்பிட்டு வந்த புள்ளைங்களுக்கு அஞ்சு வயசுல நிலக்கடல ஒவ்வாம 80 வீதத்துக்கும் மேல கொறவு. முழுக் கடல குடுத்தா தொண்டையில சிக்கிரும், கடுமையான கரப்பான் இருந்தா டொக்டர கேக்காம தொடங்கவும் கூடாது.

நான் கருவாடு சாப்பிட்டு பால் குடுத்ததாலயா?

இல்ல. பால நிப்பாட்ட வேணாம்.

எங்க குடும்பத்துல யாருக்கும் கரப்பான் இல்லையே, எப்படி பரம்பரை?

யாருக்காவது இழுப்பு, அதாவது ஆஸ்துமா இருக்கா? காலையில எந்திரிச்சதும் பத்து தும்மல் போடுற மாமா இருக்காரா? அதெல்லாம் ஒரே குடும்பம்தான். ஒரே கருவுல இருந்து பிரிஞ்ச ரெட்டப் புள்ளையில ஒருத்தருக்கு இருந்தா மத்தவருக்கும் இருக்க வாய்ப்பு சுமார் முக்கால்வாசி, வேற வேற கரு ரெட்டையருன்னா கால்வாசிக்குப் பக்கம். அதுல இருந்தே தெரியும், பரம்பரை பெரிய பங்கு, ஆனா முழுப் பங்கு இல்ல.

ஒட்டுமா? புள்ளைங்கள பாத்துக்குற பிள்ளைக் காம்பராவுல எடுக்க மாட்டேங்குறாங்க.

கரப்பான் ஒட்டாது. கட்டிப் புடிச்சாலும் ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது.

ஆனா ஒண்ண நல்லா கவனிக்கணும், சொறிசிரங்கு ஒட்டும், அது ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள்ள போயி வர்றது. நெருக்கமா படுக்குற லயத்துல இது சீக்கிரம் பரவும். வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல அரிப்பு, விரல் இடுக்குல, மணிக்கட்டுல, தொப்புள சுத்தி பொரிப் பொரியா இருந்தா அது கரப்பான் இல்ல. அதுக்கு வேற மருந்து, வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல பூசணும், அரிப்பு இல்லாதவங்களும் சேத்து.

செவந்திருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு, எம்புள்ளைக்கு செவக்கலையே?

நம்ம நெறத்துக்கு செவப்பு தெரியாது. கறுத்தோ, சாம்பல் பூத்த மாதிரியோ, ஊதா கலந்தோ தெரியும், சிலருக்கு மயிர்க்கால் சுத்தி சின்னச் சின்ன பொரியா வரும். தொட்டுப் பாத்தா சூடா, சொரசொரப்பா இருக்கும், கண்ண விட கைய நம்புங்க. கன்னத்துல வெளுத்த திட்டு வந்தா பூச்சி மருந்து குடுக்குறாங்க, அதுக்கும் வயித்துப் பூச்சிக்கும் சம்பந்தமில்ல, பெரும்பாலும் லேசான எக்ஸிமா ஆறுன தடம், மாசக் கணக்குல தானா நெறம் திரும்பும்.

கொழுந்து எடுக்குற கை வெடிச்சுப் போகுது, அதுவும் எக்ஸிமாவா?

அனேகமா ஆமா. போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க, காச நீட்டும்போது விரல மடக்கி மூடிக்கிட்டே நீட்டுனாங்க. விரிக்கச் சொல்லிப் பாத்தேன். கட்ட விரலும் ஆள்காட்டி விரலும் நுனியில கத்தியால கீறுன மாதிரி வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளயும் கொழுந்துக் கறை கறுப்பா ஏறிக் கெடந்துச்சு, சோறு பெசையும்போது உப்பு பட்டா உயிரு போகுதும்மான்னாங்க.

ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கை ஈரத்துல இருந்தாலே தோல் நோய் டொக்டர்மார் அத ஈர வேலன்னு கணக்கு எடுக்குறாங்க. பனி ஈரத்துல காலையில இருந்து நிக்கிறவங்களுக்கும், நுவரெலியா பக்கம் கரட் கழுவுறவங்களுக்கும் அது எந்த மூலைக்கு? நனைஞ்சு நனைஞ்சு காயும்போது கல்லுக்கு இடையில இருக்குற கொழுப்பு போயிரும், மேல வெட்டுக் கறையும் உரமும் மருந்தும் படுது. சின்ன வயசுல கரப்பான் இருந்தவங்களுக்கு இது இன்னும் லேசா வரும். கொழுந்து கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான், அர நாள் சம்பளம்தான்னு பயந்து கையுறை போட மாட்டாங்க, எனக்குப் புரியுது. அட்லீஸ்ட் மலைக்குப் போக முன்னாடியும், வந்து கை கழுவுனதும், படுக்கும்போதும் வெசலின் கெட்டியா பூசுங்க. ராவுக்கு பூசி மேல பருத்தித் துணி சுத்திப் படுங்க. வெடிப்பு ரெண்டு வாரத்துல ஆறலைன்னா கிறீம் மட்டும் பத்தாது, மருந்து வேணும்.

ஸ்டெரொயிட் கிறீம் ஆபத்தாமே?

சரியா போட்டா காவக்காரன அமைதிப்படுத்துறதுக்கு அத விட நல்ல மருந்து நம்ம கைக்கு எட்டுன தூரத்துல இல்ல. பயந்து பயந்து பொட்டு வைக்கிற மாதிரி பூசுனா அழற்சி அடங்காம மாசக் கணக்குல இழுக்கும், கடைசியில கூட மருந்துதான் செலவாகும். பெரியவங்க விரல் நுனியில இருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்குனா அர கிராம், அது ரெண்டு உள்ளங்கை அளவு எடத்துக்குப் போதும். கடுமையான வகைய மொகத்துல, மடிப்புல கேக்காம போட்டு மாசக் கணக்குல விட்டா தோல் மெலியும், அது உண்மை. அதான் எது எங்க எத்தன நாள்னு டொக்டர் சொல்லணும். பேரில்லாத வெள்ள டப்பாவுல கலந்து குடுக்குற கிறீம வாங்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. வட்ட வட்டமா ஓரம் தடிச்சு வர்ற படைக்கு ஸ்டெரொயிட் போட்டா முதல்ல அடங்குன மாதிரி இருந்து பிறகு தீ மாதிரி பரவும்.

வளந்தா போயிருமா?

நெறையப் புள்ளைங்களுக்கு கொறஞ்சிரும். எம்மகனுக்கு இப்ப பத்து வயசு, அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் நேரத்துல மட்டும் முட்டிக்குப் பின்னால எட்டிப் பாத்துச்சு, மன அழுத்தமும் அரிப்ப ஏத்தும். அழற்சி கண்ணுக்குத் தெரியாட்டியும் கட்டு பலவீனமாத்தான் இருக்கும், அதனால நல்லா இருக்குற நாள்லயும் தோல் காயாம வைக்கிற கிறீம நாங்க விடல.

எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

தேன் நெறத்துல பொருக்கு கட்டி நீர் வடிஞ்சா, காச்சலோட புண்ணு சூடா வலிச்சா அன்னைக்கே போங்க. ஒரே அளவு சின்னச் சின்ன கொப்புளமா கூட்டமா வந்து, நடுவுல குத்துன மாதிரி பள்ளமா ஒடஞ்சு, புள்ள சோந்து காச்சலும் இருந்தா அது ஹெர்பிஸ் வைரஸ் கரப்பான்ல ஏறுனது, விடியிற வரைக்கும் காத்திருக்க வேணாம். கண்ணு பக்கம் வந்தா இன்னும் அவசரம்.

கிளினிக்குக்கு சாதாரணமா போற நாள்ல, இது வரைக்கும் பூசுன எல்லாத்தையும் ஒரு பேக்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, தைலம், எண்ண, டவுன்ல வாங்குனது, பக்கத்து வீட்டுல குடுத்தது எல்லாம். டியூப் முடிஞ்சிருந்தாலும் வெறும் டியூப வீசாதீங்க, மருந்துப் பேரு அதுலதான் இருக்கு.